இருபது நிமிடச் சூடு

சேலையின் தோள் பின்னைக் கழற்றி, கைக்கடிகாரத்தையும் கொலுசையும் பைக்குள் போட்டு, பையைச் சுவரோர நாற்காலியில் வைத்துவிட்டு உலகம்மாள் கட்டிலில் ஏறிப் படுத்தாள். இது ஆறாவது தடவை. முதல் நாள் அந்தப் பிசியோதெரபிப் பெண் ரஹீனா, "ஊக்கு, நகை எதுவும் உடம்புல இருக்கக் கூடாதும்மா, சூடு அதுல போய் ஏறிடும்" என்று சொன்னபோது தாலிச்சங்கிலியைக் கழற்றத் தயங்கி நின்றவள், இப்போது கேட்கும் முன்பே அதைச் சுருட்டிப் பர்சுக்குள் வைத்துவிடுகிறாள். நாற்பத்தேழு வயதில் ஆறு நாளில் பழகிவிடாதது எதுவுமில்லை போலிருக்கிறது. ரஹீனா திரையை இழுத்துவிட்டு, அடிவயிற்றின் மேல் டவலை மடித்துப் போட்டு, அதன் மேல் தட்டையான ஒரு பட்டையை வைத்தாள். இடுப்புக்கு அடியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உலகம்மாளின் உடம்பு, அதற்குள்ளே யாரிடமும் சொல்ல முடியாத அந்த இடம். "இதமாத்தான் இருக்கணும். சுடுதுன்னா இந்த பெல்லை அமுக்கிருங்க. இருபது நிமிஷம். கண்ணை மூடிட்டு எதையும் நெனைக்காம படுத்திருங்க" என்றாள் ரஹீனா. குமிழைத் திருப்பியதும் மெஷின் மெல்ல இரைய ஆரம்பித்தது. செருப்புச் சத்தம் அடுத்த கட்டிலுக்குப் போனது.

எதையும் நினைக்காமல் படுத்திருப்பது எப்படி என்று அந்தப் பெண் சொல்லித் தரவில்லை. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் சூடு வரும், அதுவும் தோலில் இருந்து இறங்குவதாக இல்லாமல் உள்ளேயே எங்கோ கிளம்பி மேலே வருவதாக. இறுகிக் கிடக்கும் தசை தளர வேண்டும், தளர்ந்தால்தான் பயிற்சி பிடிக்கும், ஆபரேஷன், ஊசி ஒன்றும் வேண்டாம் என்று ரஹீனா ஒரு படத்தை விரித்துக் காட்டி விளக்கியிருந்தாள். மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் தொட்டில் மாதிரி தாங்கிக்கொண்டிருக்கிற தசையாம். இப்படி ஒரு தசை தன்னிடம் இருப்பதே உலகம்மாளுக்கு அன்றுதான் தெரியும். தளர வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பயம். தளர்ந்தால் இந்தக் கட்டிலிலேயே போய்விட்டால்? வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை, இங்கே மாடி ஏறியதும் ஒரு தடவை, டவலைப் போடுவதற்கு முன் ஒரு தடவை போயாயிற்று, இருந்தாலும் ஒரு துளி எப்போதும் மிச்சம் இருக்கும், அந்த ஒரு துளிக்குத்தான் இந்த ஏழு வருஷமாக அவள் பயந்துகொண்டிருக்கிறாள். காக்கியில் ஒரு துளி பட்டால் ஐந்து பைசா அளவுக்குக் கறுக்கும். கறுப்புச் சேலை கட்டியவளுக்குக் கவலையில்லை, பூப்போட்ட நைட்டிக்காரிக்குக் கவலையில்லை. அரசாங்கம் பார்த்துப் பார்த்து ஒரு துணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, தூசி தெரியாது, ரத்தம்கூடக் காய்ந்தால் தெரியாது, இது மட்டும் தெரியும். "வீட்ல இருக்கிறவங்க எதுக்கும்மா இவ்வளவு நேரம் அடக்கினீங்க?" என்று ரஹீனா முதல் நாள் கேட்டாள். அட்டையில் தொழில் என்ற இடத்தில் உலகம்மாள் 'வீடு' என்று சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரம் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கு வந்து இந்தச் சந்துக்குள் மாடி ஏறுவதே மகளிர் காவல் நிலைய ஏட்டு உலகம்மாளை இங்கே யாருக்கும் தெரியாது என்பதற்காகத்தான். புருஷனிடம் மூட்டுவலி என்று சொல்லியிருக்கிறாள். அவரும், முட்டிக்கு வேப்பெண்ணெய் போட்டா சரியாயிரும், எதுக்கு அம்புட்டு தூரம் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். இங்கே ஒரு பொய், வீட்டில் ஒரு பொய், அங்கே காகிதத்தில் ஒரு பொய். அதை நினைக்கக் கூடாது.

சூடு வந்துவிட்டது. நல்ல சூடுதான். பிரசவத்துக்குப் பிறகு வெந்நீர் ஊற்றும்போது இப்படித்தான் இடுப்புக்குள் ஒரு கட்டு அவிழும். பையன் நாலு கிலோ, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள், தையல் ஆறுவதற்குள் லீவு முடிந்துவிட்டது, வந்த முதல் வாரமே தேர்ப் பந்தோபஸ்து. காலை நாலு மணிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டால் தேர் நிலைக்கு வரும்வரை நின்ற இடம்தான். ஆம்பளைப் போலீசு சுவர் கண்ட இடத்தில் திரும்பி நின்றுகொள்வான். பொம்பளைப் போலீசு என்ன செய்வாள், தண்ணீர் குடிக்க மாட்டாள். முந்தின நாள் சாயங்காலமே குடிப்பதை நிறுத்திவிட வேண்டும், நாக்கு ஒட்டிக்கொண்டாலும் குடிக்கக் கூடாது, இதை உலகம்மாளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாரும் செய்தார்கள், அவளும் செய்தாள். மந்திரி வருகிறார் என்று நாலுவழிச் சாலையில் ஐம்பதடிக்கு ஒருத்தியாக நிறுத்திய நாளில் ஏழு மணி நேரம். ஒரு மரம் கிடையாது. கால்களைப் பின்னிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கார்கள் இருபது விநாடியில் கடந்துபோயின. அடக்கத் தெரிந்தவள் என்று ஒரு பெருமைகூட இருந்தது அவளுக்கு. அந்தப் பெருமையைத்தான் சுபிதாவிடம் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷமான சுபிதா எங்கே போனாலும் ஒன்றரை லிட்டர் பாட்டிலோடுதான் வருவாள், கடகடவென்று குடிப்பாள், அப்புறம் எந்த வீட்டுக் கதவையும் தட்டி, "அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போய்க்கிடட்டா?" என்று கேட்பாள். ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை. "போலீஸ்காரின்னா அடக்கத் தெரியணும்ட்டி" என்று உலகம்மாள் அதட்டினாள். "எதுக்கு ஏட்டம்மா அடக்கணும்?" என்று சுபிதா கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுபிதா. மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது. எதையும் நினைக்காமல் படுத்திருங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு டி.எஸ்.பி. ஆபீசில் விசாரணை. உலகம்மாள் முதல் சாட்சி.

மேற்படி எதிரியைப் பெண் காவலர் சுபிதா வசம் ஒப்படைத்துவிட்டு, மருத்துவ அலுவலரிடம் சான்றில் கையொப்பம் பெறும் பொருட்டு நான் சென்றிருந்த சமயம். அவள் கையெழுத்தில் அவளே எழுதிய வரி. சென்றிருந்த சமயம். ஐம்பத்திரண்டு நாளாகிறது, பல் தேய்க்கும்போதும் வருகிறது, அரிசி களையும்போதும் வருகிறது, வாயில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. சென்றிருந்த சமயம், எதிரி தப்பியோடிவிட்டார். எதிரி என்றால் முத்துமாரி, பஸ்ஸில் கிழவியின் சங்கிலியை அறுத்தவள், முப்பது வயசு இருக்கும், ஒல்லி. ரிமாண்டுக்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் காட்டிச் சான்று வாங்க வேண்டும் என்று இரண்டு பேரும் அவளைக் கூட்டிப் போனார்கள். காலை ஏழரைக்குப் போய், டாக்டர் வரவில்லை, வந்தார், ஆபரேஷனுக்குப் போய்விட்டார், டோக்கன் போடச் சொன்னார்கள், டோக்கன் வரிசை வாசல்வரை. முத்துமாரியைச் சுவரோர பெஞ்சில் நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் இரண்டு பேர். பதினொன்று ஆனபோது உலகம்மாளுக்கு வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால் வருகிறது என்று அர்த்தம் இல்லை. யாரோ ஒருவர் தும்மினார், அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டதில் உள்ளே பிடித்துவைத்திருந்தது நழுவி, வைத்திருந்த துணியைத் தாண்டித் தொடைவரை சூடாக இறங்கியது. இதே சூடு. இப்போது அடிவயிற்றில் பரவுகிற இதே இதம்தான், அன்றைக்கு அது ஒரு கணம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எந்த விசாரணையில் சொல்ல? அடுத்த கணம் குளிர்ந்தது. எழுந்து நின்றாள். "சுபிதா, நீ போய் டோக்கன் வரிசையில நில்லு, இடத்தை விட்டுராத" என்றாள். "இவ?" என்று சுபிதா முத்துமாரியைப் பார்த்தாள். "இவ எங்க போயிரப் போறா, இங்கனதான் கெடப்பா. சொன்னதைச் செய்" என்றாள். ஏட்டு சொன்னால் காவலர் செய்ய வேண்டும். ஃபைலைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு உலகம்மாள் சுவரை ஒட்டியே நடந்தாள். பொம்பளைகள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி நர்சிடம், நர்ஸ் வார்டில். பன்னிரண்டு நிமிடம். உள்ளே போய், துணியை மாற்றி, கால்சட்டையில் பின்னால் எவ்வளவு தெரிகிறது என்று கண்ணாடி இல்லாத அறையில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒரு கப் தண்ணீரை எடுத்து முன்னும் பின்னும் தானே ஊற்றிக்கொண்டாள். குழாய் தெறித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது, சுபிதா வாசலுக்கும் எக்ஸ்ரே அறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் முத்துமாரி அவளுடைய அக்கா வீட்டில் பிடிபட்டாள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை, பேப்பரில் நாலு வரி வந்ததோடு சரி. அதனால் என்ன, யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அவள் தப்பிய அன்று மதியமே இன்ஸ்பெக்டர் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கினார். எழுத உட்கார்ந்தபோது உலகம்மாள் பொய் எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, அதை இப்போதும் சத்தியம் செய்வாள். எங்கே போனேன் என்பதற்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கழிப்பறை என்று எழுதினால் பன்னிரண்டு நிமிடம் எதற்கு என்று கேட்பார்கள், எதிரியை விட்டுவிட்டுப் போக அவ்வளவு என்ன அவசரம் என்று கேட்பார்கள், ரைட்டர் எட்டிப் பார்ப்பான், அவன் டீக்கடையில் சொல்வான், ஸ்டேஷனுக்கே தெரியும், பெட்டிஷன் கொடுக்க வருகிற பொம்பளைகளுக்கும் தெரியும், ஏட்டம்மா பேண்ட்லயே போயிருவாங்களாம். அதற்குப் பதிலாக டாக்டர் கையெழுத்து என்று எழுதினாள். அந்த வார்த்தையை எழுதியதும் மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. கையெழுத்து வாங்கப் போகிறவள் எதிரியை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே போவாள்? ஒப்படைத்துவிட்டு என்று எழுதினாள். வரிசையில் நிற்கச் சொன்னதை எழுத இடமில்லாமல் போனது. சுபிதாவுக்கு அன்று சாயங்காலமே சஸ்பென்ஷன். இலாகா ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணியிருந்தாள் அந்தப் பெண், ஸ்டேஷன் முழுக்க ஜிலேபி கொடுத்தாள், சார்ஜ் மெமோ நிலுவையில் இருந்தால் அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். வயசு இருக்கிறது, அடுத்த தடவை எழுதிக்கொள்வாள் என்று உலகம்மாள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு இன்கிரிமென்ட்தானே வெட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். அவள் வரிசையில் நின்றாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்றும் சொல்லிக்கொண்டாள், அதைச் சொல்லிக்கொண்ட அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சுபிதா ஏன் சொல்லவில்லை? அதுதான் புரியவில்லை. ஏட்டம்மாதான் வரிசையில் நிற்கச் சொன்னார்கள் என்று அவள் எழுதியிருக்கலாம். நான் வரிசையில் நின்றேன், கவனிக்கத் தவறிவிட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தாள், யார் சொல்லி நின்றாள் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. பயமா? பயப்படுகிற பெண்ணா அவள்? இல்லை, நாளைக்கு நேருக்கு நேர் சொல்ல வைத்திருக்கிறாளா? சூடு கூடுகிறதா, இல்லை தனக்குத்தான் அப்படியா, பெல்லை அமுக்கலாமா. விரல் பெல்லின் மேல் இருந்தது. இதமாகத்தான் இருக்கிறது, சுடவில்லை, உள்ளே என்னவோ பிடிவிடுகிறது, ஐயோ, போய்விடப் போகிறது என்று இறுக்கினாள், இறுக்கியதும் வலித்தது. அப்போது மெஷின் மணியடித்து நின்றது.

ரஹீனா திரையை விலக்கிக்கொண்டு வந்து பட்டைகளை எடுத்தாள். டவல் காய்ந்தே இருந்தது. "இப்ப பயிற்சி. மூச்சை விடும்போது மேல இழுத்துப் பிடிங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும். ம், விடுங்க. விடுங்கம்மா." இரண்டாம் தடவையும் அப்படியே சொன்னாள். மூன்றாம் தடவை உலகம்மாளின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இறுக்க நல்லாவே வருது உங்களுக்கு. விடத்தான் வரல. நாள்பூரா இறுக்கியே வச்சிருந்தா ஒரு கட்டத்துல அந்தத் தசையும் அசந்துபோகும், அப்பத்தான் நம்மளை மீறிப் போகுது. நீங்க நெனைக்கிற மாதிரி இது வெக்கப்படுற விஷயம் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு முன்னால வந்துட்டுப் போனாங்களே, அவங்க டீச்சர், அவங்களுக்கும் இதேதான்" என்றாள். உலகம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மின்விசிறி ஓடாமல் நின்றது.

"நான் போலீசும்மா" என்றாள்.

ரஹீனா ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். "நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அட்டையை எடுத்து எதையோ அடித்து எதையோ எழுதினாள். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிப்பீங்க?" என்று கேட்டாள். உலகம்மாள் சொன்னாள். மறுபடி எழுதினாள். அவ்வளவுதான். உத்தரம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கொலுசைப் போட்டு, சங்கிலியை மாட்டி, பின்னைக் குத்திக்கொண்டு வெளியே வந்த உலகம்மாள் மாடிப்படியில் பாதியிலேயே நின்றாள். கீழே சந்தில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சுபிதாவின் நம்பரை அமுக்கும்போது, எடுக்காமல் போனால் நல்லது என்று தோன்றியது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க ஏட்டம்மா."

"எங்க இருக்க?"

"வீட்லதான். வேற எங்க இருக்கச் சொல்லுதீங்க."

உலகம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சுபிதா, அன்னைக்கு நான் டாக்டர்ட்ட கையெழுத்து வாங்கப் போகல. எனக்கு ஒரு கோளாறு இருக்கு. அடக்க முடியாது. அன்னைக்கு..."

"தெரியும்" என்றாள் சுபிதா.

"என்ன தெரியும்?"

"நீங்க எந்திரிச்சுப் போகும்போது பின்னால பாத்தேன். ஃபைலை வச்சு மறைச்சீங்க, ஆனா மறையல. வேற யாரும் பாத்திரக் கூடாதேன்னு நான் உங்க முதுகையே பாத்துக்கிட்டு நின்னேன். அந்த நேரத்துலதான் அவ எந்திரிச்சுப் போயிட்டா."

படியில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறி வந்தாள். உலகம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். "எழுதும்போது ஏன்ட்டி சொல்லல?"

"வரிசையில நிக்கச் சொன்னது ஏட்டம்மான்னு எழுதினா, ஏட்டு எங்கேன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன எழுத? அந்த ஈரத்தை எழுதவா? பாவம்னு விட்டேன்." அப்புறம் சுபிதாவின் குரல் வேறாக வந்தது. "அதை நீங்க சொல்ல வேண்டாம் ஏட்டம்மா. அதைச் சொல்லணும்னு நான் ஒருநாளும் நெனைக்கல. ஆனா வரிசையில நிக்கச் சொன்னதையாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அம்பத்திரண்டு நாளு. தினமும் போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பெண்ணும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை நாளும் தான் மறைத்துக்கொண்டிருந்தது ஈரத்தை என்று நினைத்திருந்தாள். ஈரம் தெரிந்துபோயிருந்தது, தெரிந்தவள் அதைப் பொத்தி வைத்திருந்தாள். மறைந்து இருந்தது, அவளை வரிசைக்கு அனுப்பிய அந்த வார்த்தைதான்.

"நாளைக்கு மாத்திச் சொல்லப் போறேன்" என்றாள்.

"பொய் எழுதிக் குடுத்ததுக்கு உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும்."

"என்னன்னு சொல்லுவீங்க? டி.எஸ்.பி. இருப்பாரு, ரைட்டரு இருப்பாரு. எல்லாம் ஆம்பளைங்க."

"அன்றைய தினம் இயற்கை உபாதையின் காரணமாக..." என்று ஆரம்பித்தாள் உலகம்மாள்.

"இப்படிச் சொன்னா அவரும் இப்படியே எழுதிக்கிட்டுப் போயிருவாரு. என்னமும் விளங்காது."

மறுபடி ஆரம்பித்தாள். நின்றாள். கைக்குழந்தைக்காரி மேல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், கேட்கும் தூரம்தான். கீழே வாசலில் மருந்துப் பையோடு ஒரு ஆள் நின்றார். குரல் தாழப் பார்த்தது, உலகம்மாள் தாழவிடவில்லை.

"காலையில இருந்து உக்காந்த எடத்துலயே இருந்தேன் சார். பதினோரு மணிக்கு எனக்குப் பேண்ட்லயே மூத்திரம் போயிட்டு. ஏழு வருஷமா இந்தச் சீக்கு இருக்கு, இப்பத்தான் வைத்தியம் பாக்கேன். அந்தப் பதட்டத்துல எந்திரிச்சுப் போனேன். கையெழுத்து வாங்கப் போனேன்னு எழுதினது பொய்." வாசலில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் மூச்சை விட்டாள். இன்னும் ஒன்று மீதி இருந்தது, மற்றதைவிட அதுதான் வெளியே வர அடம்பிடித்தது.

"அந்தப் பொண்ணு எதிரியை விட்டுட்டுப் போகல சார். இவளை யார் பாக்கன்னு எங்கிட்ட கேட்டா. சொன்னதைச் செய்யின்னு அவளை வரிசைக்கு அனுப்பினது நான்."

சுபிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உலகம்மாளுக்கு விளங்கியது. போனைக் காதில் இருந்து எடுக்காமல், அந்த அழுகை முடிகிறவரை, படியிலேயே நின்றாள்.